திங்கட்கிழமை மதியம் என்ன சாப்பிட்டார்?

மருந்து டப்பாவில் ஆறு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்க வேண்டும். புதன்கிழமை காலையில் ஹஃபீஸா திறந்து பார்த்தபோது மூன்றுதான் இருந்தன.

அவள் எண்ணிப் பழகியவள். எட்டு மாதமாக அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அவளிடம் கணக்கு இருந்தது. கணவர் தமீம் அன்சாரி எத்தனை மாத்திரை விழுங்கினார், எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தார், சோறு அடுப்பிலிருந்து இறங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று. ஷார்ஜாவில் எலக்ட்ரிகல் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய்க் காரைக்காலுக்குத் திரும்பி வந்தார். ஒன்றரை வருஷம் டயாலிசிஸ். பிறகு பாண்டிச்சேரியில் மாற்று அறுவை சிகிச்சை. புதிதாக வைத்த சிறுநீரகத்தை உடம்பு அந்நியம் என்று நினைத்துத் தாக்கிவிடாமல் இருக்க, ஆயுசு முழுக்க இரண்டு வேளை மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்துவிடும். "மத்தவங்களுக்கு ரெண்டு நாள் வயித்துப்போக்கோட போற கிருமி, இவருக்கு ரத்தத்துல ஏறிடலாம்க்கா. அடுப்படி உங்க கையிலதான் இருக்கு" என்று, வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்ஸ் சிவப்ரியா அவளை எதிரில் உட்காரவைத்துச் சொல்லியிருந்தாள்.

அன்றிலிருந்து ஹஃபீஸாவின் அடுப்படிக்குச் சட்டம் வந்தது. பச்சை இறைச்சி, மீன் நறுக்க சிவப்புப் பலகை. காய், பழத்துக்குப் பச்சைப் பலகை. கத்தியும் அப்படியே இரண்டு. நேற்றைய சோறு கிடையாது. பிரிட்ஜிலிருந்து எடுப்பது எதுவானாலும் நடுவரை கொதித்தால்தான் தட்டுக்கு வரும். வெளியிலிருந்து, யார் வீட்டிலிருந்தும், ஒரு வாய் வரக்கூடாது.

இந்தச் சட்டத்தில் முதலில் அடிபட்டவள் நஜீபா. அன்சாரியின் அக்கா; ஹஃபீஸாவுக்கும் லாத்தா. தருமபுரத்தில் இருக்கிறாள். தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்தவளும் அவள்தான். புருஷன் குவைத்திலிருந்து போனில் வேண்டாம் என்று சொன்னதையும் கேட்காமல், ஆபரேஷன் மேசையில் போய்ப் படுத்தவள். ஹஜ்ஜுப் பெருநாளன்று அவள் ஒரு டப்பா நிறைய கறி சமைத்துக் கொண்டுவந்தாள். ஹஃபீஸா அதை வாசலிலேயே வாங்கி, "அவங்களுக்குக் குடுக்க முடியாது லாத்தா, தப்பா நினைக்காதீங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். நஜீபா குரலை உயர்த்தாமல் ஒன்று கேட்டாள்.

"என் உடம்புல இருந்த ஒண்ணு அவனுக்குள்ள இருக்கலாம். என் கையால ஆக்குன சோறு மட்டும் போகக்கூடாதா?"

அதற்குப் பிறகு நஜீபாவிடம் எதைச் சொல்வதற்கும் ஹஃபீஸாவுக்கு வாய் வரவில்லை. அடுப்படிக்குள் நஜீபா வந்தால், "நீங்க உக்காருங்க லாத்தா, தொடாதீங்க, நான் பாத்துக்குறேன்" என்பதோடு முடித்துக்கொண்டாள்.

இப்போது மூன்று பாக்கெட் குறைகிறது.

குளியலறையில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. விடிந்ததிலிருந்து அது நாலாவது தடவை. சத்தம் வெளியே கேட்காமலிருக்கத்தான் குழாயைத் திறந்துவிடுகிறார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கதவுக்கு வெளியே போய் நின்றாள். அன்சாரி சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார். உதடு காய்ந்திருந்தது.

"எப்பலேந்து போகுது?"

"என்ன போகுது? முகம் கழுவினேன்."

"ஓ.ஆர்.எஸ். மூணு பாக்கெட் காணும்."

அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தார். "நேத்து சாயங்காலத்துலேந்து" என்றார். "சரியாப் போயிடும்னு நெனச்சேன்."

நெற்றியைத் தொட்டாள். தெர்மாமீட்டர் நூற்றியொன்று புள்ளி இரண்டு காட்டியது. நூறு புள்ளி நாலைத் தாண்டினால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது என்பது சிவப்ரியாவின் கட்டளை. வீட்டிலிருந்த மெஷினில் ரத்த அழுத்தம் பார்த்தாள். மேல் எண் நூற்றிநாலு. வழக்கமாக நூற்றிமுப்பது இருக்கும். சிவப்ரியாவுக்குப் போன் போட்டாள்.

சிவப்ரியா குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். எத்தனை தடவை போயிற்று. சிறுநீர் கடைசியாக எப்போது. வாந்தி உண்டா. வேறு மாத்திரை ஏதாவது போட்டாரா.

"உடனே கிளம்பி வாங்கக்கா. வழியில அரைமணிக்கு ஒரு தடவை பி.பி. பாருங்க. நூறுக்குக் கீழ போச்சுன்னா எந்த ஊரா இருந்தாலும் அங்கேயே ஆஸ்பத்திரியில நிறுத்தி டிரிப் போடச் சொல்லுங்க. என்கிட்ட பேசச் சொல்லுங்க. ஓ.ஆர்.எஸ். வாய் வாயா குடுத்துட்டே வாங்க. இன்னொண்ணு, கடைசி மூணு நாள்ல அவர் என்னென்ன சாப்பிட்டார்னு எனக்கு முழுசா வேணும். இது சாப்பாட்டுல வந்ததா, சிறுநீரகத்துலயே ஏதாவதான்னு டாக்டர் முதல்ல அதைத்தான் கேப்பார்."

"நான் ஆக்குனதுதான். வேற எதுவும் இல்ல."

"திங்கட்கிழமை நீங்க இங்க மாத்திரை வாங்க வந்திருந்தீங்களே. அன்னிக்கு?"

திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸுக்கு ஹஃபீஸா போய்விட்டாள். அன்சாரிக்குத் துணையாக நஜீபாதான் இருந்தாள். சோறு, பருப்பு, பீன்ஸ் பொரியல் எல்லாம் டப்பாவில் போட்டு, எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும், எவ்வளவு நேரம் சூடுபண்ண வேண்டும் என்று பேப்பரில் எழுதி ஒட்டிவைத்துவிட்டுத்தான் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது டப்பாக்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அடுப்படி துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

"திங்கட்கிழமை மதியம் என்ன சாப்பிட்டீங்க?" என்று கணவரைக் கேட்டாள்.

"நீ வச்சதத்தான்" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நஜீபாவுக்குப் போன் போட்டு, வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் சொல்லி, அதையே கேட்டாள். அவளும் அதையேதான் சொன்னாள். "நீ எழுதி ஒட்டுனபடியேதான் சூடு பண்ணிக் குடுத்தேன்." பிறகு, "காய்ச்சல் எவ்வளவு?" என்றாள். ஹஃபீஸா சொன்னதும், "நானும் வரேன். ரோட்டுல வந்து நிக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

அடுத்த தெருவில் டாக்சி ஓட்டும் கலைவாணன் கால்மணி நேரத்தில் காரோடு வந்தான். தருமபுரத்தில் நஜீபா ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். கருப்பு புர்காவுக்குள் அவள் முகம் வெளிறியிருந்தது. பயத்தில் என்று ஹஃபீஸா நினைத்தாள். பின்சீட்டில் அன்சாரி அவள் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஸ்பூன் ஸ்பூனாக ஓ.ஆர்.எஸ். தண்ணீரை வாயில் விட்டாள்.

கோட்டுச்சேரி, தரங்கம்பாடி தாண்டி வண்டி வேகமாகப் போனது. திருக்கடையூரில் மெஷினைக் கட்டிப் பார்த்தாள். நூற்றியிரண்டு. கலைவாணன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "போலாம்" என்றாள்.

அவளுக்குள் கேள்வி கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். அது பொய் என்று நன்றாகத் தெரிகிறது. ஆனால் முன்சீட்டில் இருப்பவளின் இடுப்புக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. அந்தத் தழும்பைத் தாண்டி ஒரு கேள்வி கேட்க முடியாது. கேட்டால், இவ்வளவு கொடுத்தவளைச் சந்தேகப்பட்டவள் என்று ஆகும். கேட்காவிட்டால், டாக்டர் கேட்கும்போது சொல்லப் பதில் இருக்காது.

சீர்காழி தாண்டியதும் நஜீபா, "தம்பி, ஒரு பெட்ரோல் பங்க்கா பாத்து நிறுத்துங்க" என்றாள். குரல் கம்மியிருந்தது. வண்டி நின்றதும் குனிந்தபடி, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வேகமாகக் கழிப்பறைப் பக்கம் போனாள்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. கலைவாணன் இறங்கி நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹஃபீஸா மெஷினை மறுபடி கட்டினாள். காற்று ஏறி, மெல்ல இறங்கி, எண் நின்றது. நூறு.

நூறுக்குக் கீழே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்சாரி கண்ணைத் திறக்காமல், "லாத்தாவ ஒண்ணும் கேக்காத" என்றார்.

"எதக் கேக்கக்கூடாது?"

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னங்க, எதக் கேக்கக்கூடாதுன்னு சொல்றீங்க?"

"அழுதுச்சு அன்னிக்கு. ஒரே ஒரு வேளை என் கையால சாப்பிடுடான்னு கேட்டுச்சு. நான் எப்புடி மாட்டேன்னு சொல்ல?"

ஹஃபீஸா கதவைத் திறந்து இறங்கினாள். நஜீபா திரும்பி வந்துகொண்டிருந்தாள். நாலடி நடந்து நின்றாள். மறுபடி நாலடி. கடைசியில் காரின் பானட்டில் கையை ஊன்றிக்கொண்டாள். பயத்தில் வெளிறிய முகமில்லை அது. அவள் உதடும் அன்சாரியின் உதட்டைப் போலவே காய்ந்திருந்தது.

"லாத்தா, உங்களுக்கும் போகுதா?"

நஜீபா தலையை ஆட்டினாள்.

"எப்பலேந்து?"

"நேத்து மத்தியானத்துலேந்து. யார்ட்டயும் சொல்லல." பிறகு, கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கினாள். "கோழி வாங்கிட்டு வந்தேன். கண்ணு முன்னாடி அறுத்து வாங்குனது, பழசு இல்ல. வாங்குன அரைமணி நேரத்துல அடுப்புல ஏத்திட்டேன். கோழி ஆணம் நல்லா தளதளன்னு கொதிச்சுச்சு ஹஃபீஸா. எலும்பு தனியா வர்ற அளவுக்கு வேக வச்சேன். நெய்ச்சோறும் சூடா வடிச்சேன். பழையது ஒண்ணு கூட இல்ல. நீ வச்சத எடுத்துட்டுப் போயி ஆட்டுக்குப் போட்டுட்டேன். நீ கண்டுபிடிச்சா இனிமே வீட்டுக்குள்ளயே விட மாட்டேன்னு பயந்து எல்லாத்தையும் கழுவி வச்சேன்."

"வெந்த கோழியால வராது லாத்தா. வேற என்ன இருந்துச்சு? வேகாதது ஏதாச்சும்?"

"வேகாததுன்னா... தயிர்ப் பச்சடி. வெள்ளரிக்காயும் வெங்காயமும் நறுக்கிப் போட்டேன். தயிரு நீ உறை ஊத்துனது."

"எதுல நறுக்குனீங்க?"

நஜீபாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "பலகையிலதான்" என்றாள்.

"எந்தப் பலகை?"

"மாட்டியிருக்குமே, பச்சையா. கோழித்துண்டு பெருசா இருந்துச்சுன்னு அதுல வச்சு ரெண்டாப் போட்டேன். அப்பறம் குழாயில நல்லா அலசிட்டுத்தான் வெள்ளரிக்காய நறுக்குனேன். பாக்க சுத்தமாத்தான் இருந்துச்சு." ஹஃபீஸாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "ஏன்? அதுல என்ன?"

ஹஃபீஸாவுக்கு வேறொன்று ஞாபகம் வந்திருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் பாண்டிச்சேரியிலிருந்து களைத்து வந்து, அன்சாரிக்கு ஒரு கிண்ணம் பப்பாளி நறுக்கிக் கொடுத்தாள். பச்சைப் பலகையில். காய்க்கும் பழத்துக்கும் மட்டும் என்று அவளே பிரித்து வைத்த பலகையில். கழுவித் துடைத்து மாட்டியிருந்ததைப் பார்த்து, சோப்புப் போட வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் எடுத்து நறுக்கினாள். வெள்ளரிக்காயோடு போகாமல் கோழியின் கிருமி பலகையில் மிச்சமிருந்திருந்தால், அதை அவள் தன் கையாலேயே கொடுத்து முடித்திருக்கிறாள்.

"ஏறுங்க லாத்தா" என்றாள். அவள் கையைப் பிடித்து, பின்சீட்டில் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். அன்சாரியை முன்சீட்டுக்கு மாற்றி, கலைவாணன் சீட்டைச் சாய்த்துவிட்டான். வண்டி கிளம்பியதும் ஹஃபீஸா போனை ஸ்பீக்கரில் போட்டாள். கோழி, பலகை, வெள்ளரிக்காய், பப்பாளி, நஜீபாவுக்கும் போவது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். நஜீபாவின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னாள். தன் பெயரையும் சொன்னாள்.

"இப்ப தெளிவா இருக்குக்கா" என்றாள் சிவப்ரியா. "பச்சைக் கோழியில இருக்கிற கிருமி. கொதிச்சா செத்துடும். பலகையில ஒட்டுனது சும்மா தண்ணியில போகாது, சோப்புப் போட்டுத் தேச்சுச் சுடுதண்ணி ஊத்தணும். டாக்டர்கிட்ட இப்பவே சொல்லிடுறேன், நீங்க வந்ததும் ரத்தமும் மலமும் எடுத்துட்டு மருந்து ஏத்திடுவாங்க." அடுத்ததாகக் கேட்டாள். "அந்த அக்காவுக்கு எத்தனை தடவை போச்சு?"

நஜீபா விரலை மடக்கிப் பார்த்தாள். "பத்துக்கு மேல இருக்கும்மா."

"நேத்துலேந்து பத்து தடவையா? நீங்க ஒரு சிறுநீரகத்தோட இருக்கிறவங்க. உடம்புல தண்ணி வத்துனா அது முதல்ல சிறுநீரகத்தத்தான் அடிக்கும். ஹஃபீஸாக்கா, அந்த ஓ.ஆர்.எஸ்.ஸ அவங்களுக்கும் குடுங்க. அவங்க பேர்லயும் சீட்டுப் போட்டு வைக்கிறேன்."

போன் அணைந்தது. நஜீபா தன் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். தனக்கும் ஆபத்து இருக்கிறது என்பது அவளுக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை.

"நான் சாவடிச்சுட்டேனா அவன?" என்று கேட்டாள்.

"இல்ல லாத்தா."

"கொடுத்தது நான்தான். கெடுத்ததும் நான்தானா?"

"உங்களுக்கு யாரு சொன்னா அந்தப் பலகை எதுக்குன்னு?" என்றாள் ஹஃபீஸா. குரல் அவளையும் மீறிக் கடுமையாக வந்தது. கோபம் யார் மேல் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. "எட்டு மாசமா தொடாதீங்க, தொடாதீங்கன்னு மட்டுந்தான் சொன்னேன். ஏன் தொடக்கூடாதுன்னு ஒரு நாளு உக்காந்து சொல்லிருந்தா இது நடந்திருக்காது. இத குடிங்க."

நஜீபா குடித்தாள். சிதம்பரத்தில் இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றி மெஷினைக் கட்டினாள் ஹஃபீஸா. அன்சாரிக்கு நூற்றியொன்று. நஜீபாவுக்கு நூற்றிப்பத்து. கடலூரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த ஏழு நிமிஷத்தில் அன்சாரி இரண்டு தடவை என்னவோ முனகினார், என்னவென்று புரியவில்லை. ஹஃபீஸா முன்பக்கம் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கை கொதித்தது.

ஆஸ்பத்திரி வாசலில் சிவப்ரியா இரண்டு சக்கர நாற்காலியோடு நின்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வந்த ரிப்போர்ட்டில் அன்சாரியின் கிரியேட்டினின் இரண்டு புள்ளி மூன்று இருந்தது. போன வாரம் ஒன்று புள்ளி இரண்டு. அந்த எண் ஏற ஏற சிறுநீரகம் தளர்கிறது என்று அர்த்தம். வயிற்றுப்போக்கில் மாத்திரையின் அளவும் ரத்தத்தில் தாறுமாறாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். மருந்தின் அளவை மாற்றினார்கள். டிரிப் ஏற்றினார்கள். அடுத்த நாள் இரண்டு புள்ளி நான்கு. அதற்கடுத்த நாள் மலப் பரிசோதனையில் இரண்டு பேருக்கும் ஒரே கிருமி என்று வந்தது. அன்சாரியின் ரத்தத்திலும் அது இருந்தது.

"எதுலேந்து வந்துச்சுன்னு முதல் நாளே தெரிஞ்சதால சரியான மருந்த அப்பவே ஆரம்பிச்சோம்" என்றார் டாக்டர். "ரிப்போர்ட் வரட்டும்னு காத்திருந்தா ரெண்டு நாள் போயிருக்கும்."

நஜீபாவை நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. போகும்போது தம்பியின் படுக்கைப் பக்கம் போகாமல், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனாள். அன்சாரி பன்னிரண்டு நாள் இருந்தார். காய்ச்சல் விட்டது. கிரியேட்டினின் இறங்கி ஒன்று புள்ளி ஐந்தில் நின்றது. இனி அது அங்கேதான் நிற்கும், பழைய எண்ணுக்குப் போகாது, ஆனாலும் சிறுநீரகம் தப்பியது என்றார்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரமாகியும் நஜீபா வரவில்லை. தம்பியிடம் போனில் மட்டும் பேசினாள். ஒரு நாள் மதியம், அன்சாரிக்குச் சாப்பாடு எடுத்துவைத்துவிட்டு, ஹஃபீஸா ஆட்டோ பிடித்துத் தருமபுரம் போனாள். நஜீபா கதவைத் திறந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே போனாள். ஹஃபீஸா பின்னாலேயே அடுப்படிக்குப் போனாள்.

"வீட்டுக்கு வாங்க லாத்தா. நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஆக்கலாம். எல்லாம் சொல்றேன்."

"அவனுக்கு நான் இப்ப ஆக்க மாட்டேன்" என்றாள் நஜீபா. "கைய வச்சாலே நடுங்குது. பயம் போகட்டும்." அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். "பெருநாளைக்கு எல்லாரு முன்னாடியும் நீ டப்பாவ திருப்பிக் குடுத்தத நான் மறக்கல. அதையும் சொல்லிடுறேன்."

"மறக்க வேணாம்."

"தப்பு என் பேர்லதான். இருந்தாலும் மறக்கல."

"சரி லாத்தா." ஹஃபீஸா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "எனக்குப் பசிக்குது."

நஜீபா திரும்பிப் பார்த்தாள். எட்டு மாதமாக அந்த வீட்டில் ஹஃபீஸா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. கணவருக்கு இல்லாததைத் தானும் தொடக்கூடாது என்று அவளாக வைத்துக்கொண்ட வைராக்கியம் அது. நஜீபா கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். விரலிடுக்கு வரை தேய்த்து, வெகுநேரம் கழுவினாள். சட்டியிலிருந்த மீன் ஆணத்தை மறுபடி அடுப்பில் ஏற்றி, கொதிக்கும்வரை நின்றாள். பிறகு தட்டு எடுத்துச் சோறு போட்டாள்.

ஹஃபீஸா இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள், போன் அடித்தது. அன்சாரி.

"எங்க இருக்க?"

"லாத்தா வீட்டுல. சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

நஜீபா கரண்டியோடு பக்கத்தில் வந்து நின்றாள். "அவன் சாப்பிட்டானான்னு கேளு" என்றாள்.